தாத்தாவின் சூரிக்கத்தியும் மோட்டார் சாணையும்

அல்சூரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் தாத்தாவின் சூரிக்கத்தி இருக்கிறது. பென்னாகரம் பக்கம் ஒரு கொல்லர் லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்துக் கொடுத்தது. முயலும் காட்டுப்பன்றியும் உரித்த கத்தி. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் தாத்தா வேட்டையை விட்டுவிட்டார். கத்தி மட்டும் பெங்களூருக்கு வந்து இப்போது ஞாயிற்றுக்கிழமை நாட்டுக்கோழிக்கு உழைக்கிறது.

போன பக்ரீத்துக்கு முந்தைய வாரம் சிவாஜிநகரில் மோட்டார் சாணை போட்டு உட்கார்ந்திருந்த ஒருவரிடம் அதை நீட்டினேன். பொறி பறக்க மூன்றே நிமிடம். பேப்பர் வழுக்கிக்கொண்டு கிழிந்தது. எனக்கோ பெருமை தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து ஒரே ஒரு கோழி அறுத்தேன், தொடையைப் பிரிக்கும்போதே நுனி மழுங்கிவிட்டது.

ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் வழக்கமாகக் கறி வாங்கும் பாயிடம் காட்டினேன். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "நுனியில நீலம் பூத்திருக்கு பாருங்க தம்பி. தோய்ச்சல் போயிடுச்சு."

விஷயம் இதுதான். இந்த மாதிரி எஃகை நெருப்பில் காய்ச்சி, சட்டென்று குளிரவைத்துக் கெட்டியாக்குவதுதான் தோய்ச்சல். அப்படித் தோய்த்த பிறகு, 200 டிகிரி செல்சியஸ் சுற்றுவட்டத்தில் மறுபடி சூடாக்கித்தான் பதம் வைக்கிறார்கள். தண்ணீர் காட்டாமல் சாணையில் அழுத்தினால் மெல்லிய விளிம்பு நொடியில் 300ஐத் தொட்டுவிடும். நீல நிறம் அதற்குச் சாட்சி. அந்த இடம் இளகிவிடும், என்ன தீட்டினாலும் கூர் நிற்காது. இளகிய பகுதியைக் கையாலேயே தேய்த்து எடுப்பதுதான் வழி என்றார் பாய். நான்கு ராத்திரி ஆனது. முதலில் சொரசொரப்பான 400 நம்பர் கல், அப்புறம் வழவழப்பான 1000, இரண்டும் ஈரத்தோடு. கத்தி 4 செ.மீ. அகலம். முதுகுக்கும் கல்லுக்கும் நடுவே சுண்டுவிரல் நுழைகிற அளவு தூக்கிப் பிடித்தால் ஏறக்குறைய 20 டிகிரி கோணம். உரிக்கிற கத்திக்கு அது போதும். எலும்பு வெட்டும் கத்திக்கு இன்னும் தூக்கிப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் விளிம்பு பொரிந்துபோகும். ஒரு பக்கம் தேய்க்கத் தேய்க்க மறுபக்கம் பிசிறு எழும். அது நுனி முதல் அடி வரை கட்டைவிரலில் தட்டுப்பட்ட பிறகுதான் பக்கம் மாற்ற வேண்டும். நான் அவசரப்பட்டு முதல் இரண்டு ராத்திரியை வீணாக்கினேன். கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் உட்பக்கத்தில், முதுகு முன்னே போகிற மாதிரி, இருபது இழுப்பு.

பாய் இன்னொன்றும் சொன்னார். தோலை மயிர்ப் பக்கமிருந்து அறுக்கக் கூடாது. சின்னதாகக் கீறி, கத்தியை உள்ளே விட்டு வெளியே பார்த்து அறுக்க வேண்டும். மயிரில் ஒட்டிய மண்ணும் மணலும்தான் கூரைத் தின்னும். தாத்தா பன்றிக்கு இதையே சொல்வார் என்று அப்பா பிற்பாடு சொன்னார். சாணைக்குக் கொடுக்கும் முன் சொல்லியிருக்கலாம்!

*

கே.ஆர்.புரத்திலிருந்து: அண்ணா, கத்தியைத் தோல் உறையில் போட்டு வைக்காதீர்கள். நான் வைத்தேன். இங்கத்திய மழைக்காலத்தில் தோல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டது, இரண்டே மாதத்தில் துருப் புள்ளி. இப்போது கழுவித் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, செய்தித்தாளில் சுற்றி வைக்கிறேன். சாம்பல் நிறமாகக் கறுத்தால் பயப்பட வேண்டாம், செந்துரு வந்தால்தான் தேய்க்க வேண்டும். உறைந்த கறியை மட்டும் அதால் வெட்டிவிடாதீர்கள், என் கத்தியின் விளிம்பில் பல் விழுந்தது அப்படித்தான்.

*

ஃப்ரேசர் டவுனிலிருந்து: கல் இல்லாத அன்றைக்குப் பீங்கான் கப்பைக் கவிழ்த்து அடியில் மெருகு இல்லாத வளையத்தில் நாலு இழுப்பு இழுத்துப் பாருங்கள். லேசாக மழுங்கியதற்குப் போதும்.

*

அல்சூர்: இழுத்துப் பார்த்தேன். வேலை செய்கிறது, ஆனால் கப் வீட்டம்மாவுடையது. புதுசு வாங்கித் தர வேண்டியதாகிவிட்டது.