ஒன்பதாம் கிளாஸ் பசங்க கையில கலர் கயிறு, டீச்சரா நான் என்ன பண்ணலாம்?

கேட்டவர்: புது_டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். நெல்லை மாவட்டத்துல ஒரு மேல்நிலைப் பள்ளியில சோஷியல் எடுக்குறேன். சொந்த ஊரு திருவண்ணாமலை பக்கம், அதனால இந்தப் பக்கத்து விஷயம் நிறைய இங்க வந்த பிறகுதான் தெரிய வந்துச்சு.

என் கிளாஸ்ல பாதிப் பசங்க கையில கயிறு கட்டியிருக்காங்க. ஒரு சாதிப் பசங்களுக்கு ஒரு கலர், இன்னொரு சாதிக்கு வேற கலர். கேட்டா கோயில் கயிறு டீச்சர்ங்கிறாங்க, எந்தக் கோயில்னா பேச்சே இல்ல. மத்தியானம் சத்துணவுக்கு உக்காரும்போதும் அந்தக் கலர்படிதான் வரிசை பிரியுது, யாரும் சொல்லல, தானா பிரியுது. கொஞ்ச நாள் முன்னாடி கபடியில ஏதோ வாய்த்தகராறு, சாயங்காலம் பாத்தா பஸ் ஸ்டாப்புல ரெண்டு தெருவுலருந்தும் பெரிய ஆளுங்க வந்து நிக்கிறாங்க, எனக்கு கை காலெல்லாம் நடுங்கிருச்சு.

பாடத்துல எல்லாம் இருக்கு. மனித உரிமை, ஐ.நா. சபை, உலகக் குடிமக்கள் எல்லாம் எடுக்குறோம். தீண்டாமை ஒரு பாவச்செயல், தீண்டாமை ஒரு பெருங்குற்றம், தீண்டாமை மனிதத்தன்மையற்ற செயல்னு புக்கோட முன்பக்கத்துலயே போட்டிருக்கு, பசங்க மனப்பாடமா சொல்றாங்க. ஆனா அதே பையன் பக்கத்து பெஞ்ச் பையன் பாட்டில்ல தண்ணி குடிக்க மாட்டேங்கிறான். கயிறை அவுக்கச் சொன்னா ஊரே திரண்டு வரும், வெளியூர்க்காரி நீ ஏன் வம்புக்குப் போறன்னு ஸ்டாஃப் ரூம்ல சொல்றாங்க. பாடம் நடத்தி இதெல்லாம் மாறுமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

பதில்: ரிட்டயர்டு_ஹெச்எம்

டீச்சர், நான் சர்வீஸ் முழுக்க அந்தப் பக்கந்தான். மொத வேலையா கயித்துல கை வைக்காதீங்க. கயிறு கடைசியா வாரது, அதுக்கு முன்னாடியே பள்ளிக்கூடத்துல நாமளே பிள்ளைகளைப் பிரிச்சு வச்சிருக்கோம், அத முதல்ல சரி பண்ணணும்.

என்னன்னு கேட்டியள்னா, கிளாஸ் நடந்துகிட்டு இருக்கும்போது ஆபீஸ்லருந்து ஆள் வருவாவ. "ஸ்காலர்ஷிப் வார பிள்ளையள்லாம் எந்திரிங்க, பாஸ்புக் ஜெராக்ஸ் இன்னும் தரலை, சாதி சர்டிபிகேட் தரலை"ன்னு சத்தமா சொல்லுவாவ. அஞ்சாறு பேரு தலையத் தொங்கப் போட்டுகிட்டு எந்திப்பான், மிச்ச பேரெல்லாம் திரும்பிப் பாப்பான். யாரு யாருன்னு தெரியாம இருந்த பிள்ளைக்குக் கூட அந்த ஒரு நிமிஷத்துல தெரிஞ்சு போகும். இத யாரும் கெட்ட எண்ணத்துல செய்யல, சீக்கிரம் வேலை முடியணும்னு செய்யுதாவ. அப்புறம் நம்ம வாத்தியார்மாரே புதுப் பிள்ளைகிட்ட "நீ எந்தத் தெருல"ன்னு கேப்பாவ, அது எதுக்குக் கேக்குதாவன்னு அந்தப் பிள்ளைக்கு நல்லாவே தெரியும்.

நாங்குநேரியில ஒரு பிளஸ் டூ பையன கூடப் படிச்ச பசங்களே வீடு புகுந்து வெட்டுன சம்பவத்துக்கு அப்புறம் 2023 ஆகஸ்ட்ல அரசாங்கம் நீதிபதி சந்துருவ ஒரு நபர் குழுவா போட்டுது, 2024 ஜூன்ல அறிக்கை குடுத்தாரு. டிவியில எல்லாம் கயிறு, நெத்திப் பொட்டு, இது ரெண்டு மட்டுந்தான் பேசுனாவ. அதுல நமக்கு வேண்டிய விஷயம் வேற நிறைய இருக்கு. வருகைப் பதிவேட்டுல சாதி விவரமே இருக்கக் கூடாது, பேரு வரிசைப்படி உக்கார வைக்கணும், ஸ்காலர்ஷிப் விஷயத்த தனியா கூப்பிட்டுத்தான் பேசணும், ஒரு ஏரியாவுல எந்தச் சாதி அதிகமோ அந்தச் சாதி அதிகாரியவே அங்க போடக் கூடாது, இப்படி. இதுல பாதிக்கு ஜி.ஓ., அதான் அரசாணை, வேண்டாம், ஊர்ப் பெரியவர் யாரும் வந்து சண்டையும் போட முடியாது. பேரு வரிசைன்னா என்ன சொல்லுவான்? நாளைக்கே செய்யலாம்.

கபடி டீம நீங்க பிரிங்க டீச்சர், பிள்ளையளே பிரிச்சுக்கிட்டா தெருவுக்கு ஒரு டீமா ஆயிரும். லேப் பேட்ச், தண்ணி கொண்டு வாரது, மரத்துக்குத் தண்ணி ஊத்துறது எல்லாம் அப்படியே. ரெண்டு பேரு சேந்து ஒரு வேலையச் செஞ்சாத்தான் பழக்கம் வரும், சேந்து பாடம் கேட்டா வராது.

பதில்: கோவில்பட்டிக்காரன்

ஹெச்எம் சார் சொல்றது எல்லாம் கரெக்ட், ஆனா எல்லாத்தையும் ஸ்கூல் தலையில கட்டுறோமோன்னு தோணுது. 2019லயே பள்ளிக்கல்வி இயக்குநர் கயிறு கட்டக் கூடாதுன்னு சுற்றறிக்கை விட்டாரு, சிவப்பு மஞ்சள் பச்சை காவின்னு கலரெல்லாம் குறிப்பிட்டு. எதிர்ப்பு கிளம்புன உடனே அப்ப இருந்த அமைச்சர் எனக்குத் தெரியாம போனது, பழைய நிலையே தொடரும்னுட்டாரு. மூணு வருஷம் கழிச்சு 2022 ஏப்ரல்ல அம்பாசமுத்திரம் பக்கம் பள்ளக்கால் பொதுக்குடியில கயிறு சண்டையில ஒரு பிளஸ் டூ பையன் செத்தே போனான். அடிச்சவங்களும் அதே ஸ்கூல் பிளஸ் ஒன் பசங்க. இத நெனச்சா இன்னும் ஆத்திரமா வருது.

அப்புறம் 2025 மார்ச்ல ஸ்ரீவைகுண்டம் பக்கம் பரீட்சை எழுதப் போன பையன பஸ்ஸ மறிச்சு இறக்கி வெட்டுனாங்க, விரல் துண்டாச்சு. அது நடந்தது ரோட்டுல, கிளாஸ் ரூம்ல இல்ல. பையன் ராத்திரி பூரா பாக்குறது சாதிப் பாட்டு போட்ட ரீல்ஸ், அருவா வச்ச ஸ்டேட்டஸ். நினைவு நாள், குருபூஜைன்னா ஊரெல்லாம் ஃப்ளெக்ஸ், அதுல இவன் போட்டோவும் இருக்கும். பதினாலு வயசுப் பையனுக்கு ஃப்ளெக்ஸ்ல மூஞ்சி வர்றதவிட பெரிய மரியாதைய நம்ம ஸ்கூல் குடுக்குதா? அவன ஒரு வேலைக்கு நம்பிப் பொறுப்பு குடுத்து நாலு பேர் முன்னாடி பாராட்டி எத்தன நாளாச்சு? என்னைக் கேட்டா அங்கதான் நாம தோக்குறோம்.

இன்னொண்ணு, சிலர் வந்து அப்ப சாதி சர்டிபிகேட்டையே ஒழிச்சுருங்கன்னு ஆரம்பிப்பாங்க. அது வேற இது வேற. ஸ்காலர்ஷிப்பும் இடஒதுக்கீடும் அந்தப் பிள்ளையோட உரிமை, அத வகுப்புல வச்சு கூவக் கூடாதுங்கிறதுதான் பேச்சு.

பதில்: ரெண்டு_பிள்ளைக்கு_அம்மா

டீச்சர் ஒரு அம்மாவா சொல்றேன், தயவு செஞ்சு இத மட்டும் மறந்துராதீங்க. நாங்குநேரி பையன் முதல்ல பல நாளு ஸ்கூலுக்கே வரல. அப்புறம் புகார் எழுதிக் குடுத்தான். அன்னைக்கு ராத்திரியே வீடு புகுந்து வெட்டுனாங்க, தடுக்க வந்த தங்கச்சிக்கும் வெட்டு. அந்தப் புள்ள ஆஸ்பத்திரியில கிடந்து மீண்டு வந்து 2024ல பிளஸ் டூ எழுதி 469 மார்க் எடுத்தான், அது அவன் தைரியம், ஆனா அவன் பட்டத எந்தப் புள்ளையும் படக் கூடாது.

அதனால புகார் சொல்லு புகார் சொல்லுன்னு பிள்ளைகள உசுப்புறதுக்கு முன்னாடி, சொன்ன பிறகு அந்தப் பிள்ளைக்கு என்ன பாதுகாப்புன்னு முடிவு பண்ணிக்கோங்க. பேரு வெளிய போகாம இருக்குமா, அன்னைக்கு சாயங்காலம் யாரு கூட வீட்டுக்குப் போகும், அந்தப் பக்கத்து அப்பா அம்மாவ யாரு கூப்பிட்டுப் பேசுவா, போலீசுக்கு எப்ப சொல்லணும், இதெல்லாம். பிள்ளைக புகார் எழுதிப் போடுற மாணவர் மனசு பெட்டி வச்சா பத்தாது, அதைத் திறக்குறவங்க யாருன்னு பாக்கணும். 1098 (சைல்ட்லைன்), 14417 (பள்ளிக்கல்வி உதவி எண்) ரெண்டு நம்பரையும் பெரிசா எழுதி எல்லாரும் வந்து போற இடத்துல ஒட்டுங்க. காரணமே இல்லாம ஒரு பிள்ளை தொடர்ந்து வரலைன்னா காய்ச்சலா இருக்கும்னு விட்டுராதீங்க, போன் பண்ணுங்க, முடிஞ்சா யாரையாச்சும் கூட்டிட்டு வீட்டுக்கே போங்க.

எங்க மாவட்டத்துல எட்டயபுரம் பக்கம் உசிலம்பட்டியில காலைச் சாப்பாடு சமைக்கிற அக்கா பட்டியல் சாதின்னு பிள்ளைக சாப்பிட வரல, 2023 செப்டம்பர்ல. அப்புறம் கனிமொழி எம்.பி.யும் அமைச்சர் கீதா ஜீவனும் போயி பிள்ளைக கூட உக்காந்து சாப்பிட்டாங்க. சாப்பிட வேண்டாம்னு முடிவு பண்ணுனது பிள்ளைகளா? வீட்டுல பெரியவங்க. நீங்க வேற எதுவும் பண்ண வேண்டாம், மத்தியானம் தட்ட எடுத்துட்டுப் போயி ரெண்டு கலருக்கும் நடுவுல உக்காந்து சாப்பிடுங்க. தினமும்.

பதில்: சோஷியல்_அண்ணன்

நானும் உங்க சப்ஜெக்ட்தான் மேடம். பாடம் நடத்தி மாறுமான்னு கேட்டீங்கல்ல, எந்தப் பாடம், எப்படிங்கிறதப் பொறுத்து மாறும். நேரா நம்ம ஊரு சாதியப் பத்தி ஆரம்பிச்சா பசங்க வாய மூடிக்குவான், வீட்டுல போய் டீச்சர் எங்க ஆளுகளத் திட்டுறாங்கன்னு சொல்லிருவான். நான் ஆப்பிரிக்காவுல இருக்குற ருவாண்டாவுல ஆரம்பிப்பேன். 1994ல நூறு நாளுக்குள்ள எட்டு லட்சம் பேருக்கு மேல கொன்னாங்க, வெளியூர்ப் படை வந்து இல்ல, பக்கத்து வீட்டுக்காரனே. அதுக்கு ரொம்ப வருஷம் முன்னாடியே அங்க ஆண்ட பெல்ஜியம்காரன் ஹூட்டு, டுட்சின்னு ஒவ்வொருத்தர் இனத்தையும் அடையாள அட்டையில எழுதி வச்சுட்டான், கிளாஸ்ல வாத்தியாரே ஹூட்டு எல்லாம் எந்திரி, டுட்சி எல்லாம் எந்திரின்னு நிக்க வச்சிருக்காங்க. பிற்பாடு ரோட்டுல மறிச்சு அந்த அட்டையப் பாத்துதான் வெட்டுனாங்க.

இத சொல்லிட்டு நான் பேசாம நிப்பேன். கிளாஸ்ல கண்டிப்பா ஒருத்தன் சார் இங்கயும் எந்திரிக்கச் சொல்வாங்கல்லன்னு கேப்பான். ஹெச்எம் சார் மேல எழுதுனதும் அதேதான் பாருங்க. பையனே கண்டுபிடிச்சுக் கேட்டா அது அவன் கேள்வி, நாம திணிச்சது இல்ல. அன்னைக்குப் பதில் சொல்லாட்டிகூடப் பரவால்ல, அடுத்த நாள் தென்னாப்பிரிக்காவுல பெஞ்ச், பஸ், பீச்சு எல்லாம் வெள்ளையருக்குத் தனின்னு போர்டு இருந்த போட்டோ காட்டுங்க. இங்க போர்டு இல்லாமலே எது எது தனியா இருக்குன்னு பேப்பர்ல பேரு போடாம எழுதச் சொல்லுங்க. அந்தப் பேப்பர யார்கிட்டயும் காட்டாதீங்க, கையெழுத்து தெரிஞ்சா வம்பு.

கேட்டவர்: புது_டீச்சர்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ராத்திரி உக்காந்து திரும்பத் திரும்பப் படிச்சேன். அந்த எந்திரிங்க விஷயம் எங்க ஸ்கூல்லயும் அப்படியே நடக்குது, நானே பாத்திருக்கேன். திங்கக்கிழமை ஹெச்எம் மேடம்கிட்ட ஸ்காலர்ஷிப் லிஸ்ட எங்கிட்ட குடுங்க, நான் ஒவ்வொருத்தரா இன்டர்வெல்ல கூப்பிட்டு வாங்கித் தர்றேன்னு கேக்கப் போறேன். பேரு வரிசை சீட்டிங்கும் அன்னைக்கே. சாப்பாட்டுக்கும் இனிமே பசங்க கூடத்தான்.

ஒரு சந்தேகம் சார். பேரு வரிசைப்படி போட்டா ரெண்டு க்ரூப்லயும் முன்னாடி அடிச்சுக்கிட்ட ரெண்டு பையன் பக்கத்துல பக்கத்துல வர்றாங்க. விடலாமா, மாத்தணுமா?

பதில்: ரிட்டயர்டு_ஹெச்எம்

விடுங்க, ஆனா உங்க மேசைக்கு நேர் முன்னாடி வார மாதிரி வரிசைய ஆரம்பிங்க. அந்த ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு வேலை குடுங்க, மேப் மாட்டுறது, லைப்ரரி புக் எண்ணி வாங்குறது, ஏதாவது. சீட் மாத்துறதுக்கு முன்னாடி ரெண்டு வீட்டுலயும் ஒரு வார்த்தை பேசிருங்க, பிள்ளை போயி சொல்லித் தெரியுத மாதிரி வைக்காதீங்க. பேசும்போது உள்ளூர் ஸ்டாஃப் ஒருத்தர கூட கூட்டிட்டுப் போங்க, தனியா போகாதீங்க டீச்சர்.