நூலகத்தில் உட்காரப் போராடியவர்கள்

கேள்வி (கொழிஞ்சாம்பாறை):
வணக்கம். கேரள நூலக இயக்கத்தின் முன்னோடி பி.என்.பணிக்கரின் நினைவாக ஜூன் 19 அன்று கொண்டாடப்படும் வாசிப்பு நாளில், எங்கள் வாயனசாலையில் (ஊர் நூலகத்தில்) தமிழில் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். அமெரிக்கக் கறுப்பின மக்களின் போராட்டத்தில் பேருந்துப் புறக்கணிப்பு நடந்தது பிள்ளைகளுக்குத் தெரியும். நூலகங்களில் நடந்ததை எங்கிருந்து தொடங்கிச் சொல்லலாம்?

மறுமொழி (சித்தூர்):
வர்ஜீனியாவின் அலெக்ஸாண்ட்ரியாவிலிருந்து தொடங்குங்கள், அக்கா. 1939 ஆகஸ்ட் 21 அன்று ஐந்து கறுப்பின இளைஞர்கள் பொது நூலகத்துக்குள் ஒருவர் பின் ஒருவராகச் சென்று உறுப்பினர் அட்டை கேட்டார்கள். மறுக்கப்பட்டதும் ஆளுக்கொரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு தனித்தனி மேசைகளில் அமர்ந்து அமைதியாக வாசித்தார்கள். அதற்கே கைது. இதைத் திட்டமிட்ட வழக்கறிஞர் சாமுவேல் டக்கர், மறு ஆண்டில் நகராட்சி கறுப்பினத்தவருக்கென்று தனியாகத் திறந்த நூலகத்தின் அட்டையை ஏற்க மறுத்துவிட்டார். அந்த மறுப்பைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

மறுமொழி (தேவிகுளம்):
நான் நாற்காலியிலிருந்து தொடங்குவேன். அதே வர்ஜீனியாவின் டான்வில்லில், 1960இல், எல்லோரையும் அனுமதிக்க வேண்டுமென நீதிமன்றம் சொன்னதும் நூலகத்தையே மூடினார்கள்; மீண்டும் திறந்தபோது மேசை, நாற்காலி எதுவும் உள்ளே இல்லை. இரு இனத்தாரும் ஒரே மேசையில் அமர்ந்துவிடக் கூடாது என்பதற்காக எல்லோரையுமே நிற்க வைத்தார்கள். தேநீர்க் கடை ஒன்றில் பெஞ்சு காலியாகக் கிடக்க, என் தாத்தா வாசலில் குந்தியே குடித்தார் என்பதைக் கேட்டு வளர்ந்த எனக்கு இது அயலூர்க் கதையாகவே தோன்றவில்லை.

மறுமொழி (குமுளி):
லூசியானாவின் கிளின்டனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே நடமாடும் நூலக வண்டிகள் இரண்டு: சிவப்பு வண்டி வெள்ளையருக்கு, நீல வண்டி கறுப்பினத்தவருக்கு. 1964இல் ஐந்து கறுப்பின ஆண்கள் நூலகக் கட்டடத்துக்குள் சென்றார்கள். ஒருவர் ஒரு புத்தகம் கேட்டார். அது அங்கே இல்லை, வரவழைத்துத் தருவதாக நூலகர் சொன்னார். புத்தகம் கேட்டவர் ஒரு நாற்காலியில் உட்கார, மற்றவர்கள் அருகில் நின்றார்கள். சில நிமிடங்களில் காவலர் வந்து ஐவரையும் பிடித்துச் சென்றனர். 1966இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. ஐந்து நீதிபதிகள் ஆதரவு, நால்வர் எதிர்ப்பு. எவ்வளவு நூலிழையில் கிடைத்த தீர்ப்பு என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. நாற்காலிகளைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு, முதல் பத்து நிமிடம் எல்லோரும் நின்றபடி கேட்குமாறு செய்யலாமா என்று வாயனசாலைச் செயலாளரிடம் கேட்டிருக்கிறேன். சிவப்பு வண்டியையும் நீல வண்டியையும் பிள்ளைகளே வரைந்து வருகிறார்கள்.