தருமபுரி போர்வெல் ஃபுளோரைடு கணிப்பு: பிஎச் திருத்தத்தில் உதவி வேண்டும்

நண்பர்களே, வணக்கம். தருமபுரி, கிருஷ்ணகிரி கடினப்பாறைப் பகுதி போர்வெல்களில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டுமா என்று ரேண்டம் ஃபாரஸ்ட் (பல முடிவு மரங்களைச் சேர்த்துக் கணிக்கும் எந்திரக் கற்றல்) மாடலில் கணிக்கிறோம். சோடியம், கால்சியம், பைகார்பனேட்டோடு, ஃப்ரீக்-சி (PHREEQC) என்ற நீர்வேதியியல் மென்பொருளில் கணக்கிட்ட கால்சைட் தெவிட்டல் எண்ணும் (கால்சியம் கார்பனேட் கனிமமான கால்சைட் நீரில் கரையுமா, படியுமா என்று காட்டும் எண்; 0 என்றால் சமநிலை) உள்ளீடு. ஃபுளோரைட் (கால்சியம் ஃபுளோரைடு கனிமம்) தெவிட்டல் எண்ணைச் சேர்க்கவில்லை. அளந்த ஃபுளோரைடு அதற்குள்ளேயே இருப்பதால் விடையைக் கேள்வித்தாளில் அச்சடித்தது போலாகிவிடும். பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளைப் பயிற்சிக்கும் சோதனைக்கும் குலுக்கிப் பிரித்தால் மதிப்பெண் பொய்யாக ஏறும் என்பதால், வட்டாரம் வட்டாரமாக ஒதுக்கியே சோதிக்கிறோம்.

சிக்கல் பிஎச்தான். பழைய தரவில் ஆய்வகத்தில் அளந்த பிஎச் மட்டுமே இருக்கிறது. கரியமில வாயு வெளியேறி, கிணற்றடியில் 7.4 ஆக இருந்த நீர் மேசைக்கு வரும்போது 8.1 ஆகிவிட்டால், கால்சைட் எண்ணும் ஏறக்குறைய அதே 0.7 கூடிவிடும். பாட்டில் சுவரில் வெள்ளைப் படிவு தெரிந்தால் இன்னும் மோசம், கால்சியமே குறைந்திருக்கும்.

கால்சைட்டோடு சமநிலை என்று வைத்து பிஎச்சைத் திருப்பிக் கணக்கிட்டால் எல்லாக் கிணற்றுக்கும் எண் 0 ஆகி, உள்ளீடே பயனற்றுப் போகிறது. அதற்குப் பதில் கரியமில வாயு அழுத்தத்தை உள்ளீடாக வைத்துப் பார்த்தவர்கள் உண்டா? கிணற்றடியிலேயே அளந்த பிஎச், காரத்தன்மை இரண்டும் உள்ள மாதிரிகள் இருந்தால் தயவுசெய்து பகிருங்கள். உரிமையாளர் விவரம் வேண்டாம். வட்டாரம், ஆழம், மாதம் போதும்.