மறு: பாக்கெட் சுவிட்சிங் – பொட்டலமா, பொதியா, சிப்பமா?

அன்புள்ள ஐயா, குழும நண்பர்களே,

வணக்கம். இணையத்தில் செய்தியைத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் தனித்தனியே அனுப்பிச் சேர்க்கும் முறைக்குப் 'பாக்கெட் சுவிட்சிங்' என்று பெயர். அதற்கு நம் அகராதிப் பட்டியலில் தமிழ்ச் சொல் தேடுகிறோம். நேற்றைய மடலில் ஐயா எழுதியிருந்தது:

> 'பாக்கெட்' என்பதற்குப் 'பொட்டலம்' போதும். எல்லாருக்கும் புரியும். இதற்கு மேல் ஆராய என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது ஐயா. ஆங்கிலத்திலேயே இது போகிற போக்கில் வைத்த பெயர் அன்று. அமெரிக்காவில் ராண்ட் நிறுவனத்தின் பால் பாரன், அணுகுண்டு விழுந்தாலும் முற்றாக அறுந்துபோகாத தொடர்பு வலை ஒன்றைப் பற்றிச் சிந்தித்து, செய்தியைத் துண்டுகளாக்கி ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே அனுப்பலாம் என்று 1964இல் விரிவாக எழுதினார். துண்டுக்கு அவர் இட்ட பெயர் 'மெசேஜ் பிளாக்'. கருத்து நிலைத்தது, பெயர் நிலைக்கவில்லை. அவருடைய ஆய்வை அறியாமலே இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் டொனால்ட் டேவிஸ் 1965இல் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். பெயர் வைக்கும் முன் டேவிஸ் மொழியியல் அறிந்த ஒருவரைக் கலந்துகொண்டார். பிற மொழிகளுக்குப் போனாலும் இடறாத சொல்லாக இருக்கவேண்டும் என்று பார்த்துத்தான் 'பாக்கெட்' என்பதைத் தேர்ந்தார். இன்னொரு மொழிக்காரன் எப்படிச் சொல்வான் என்று எண்ணிப் பார்த்து வைத்த பெயர் அது. அதற்குத் தமிழ் தேடும் நாம் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு எழுந்துபோவது எனக்கு ஒப்பவில்லை.

பொட்டலத்தில் எனக்குள்ள குறை ஒன்றே. அதற்கு முகவரி கிடையாது. மளிகைக் கடையில் மிளகைத் தாளில் மடித்து நூல் சுற்றிக் கொடுத்தால், வாங்கியவர் கையோடு வீட்டுக்குப் போய்விடும். வழியில் யாரும் அதைப் படித்து, 'இது இந்தப் பக்கம் போகவேண்டியது' என்று திருப்பிவிடுவதில்லை. இணையத்தில் நடப்பதோ முழுக்க அந்தத் திருப்பிவிடுதல்தான்.

சென்ற ஜூன் மாதம் திருச்சியில் ஒரு லாரி செட்டில் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். நண்பருடைய கடைக்குச் சிவகாசியிலிருந்து நோட்டுப் புத்தகங்கள் வரவேண்டியிருந்தது. மொத்தம் 40 சிப்பம். ஒவ்வொன்றின் மேலும் கடைப் பெயர், ஊர், அதன் கீழே நீல மையில் 1/40, 2/40 என்று வரிசை எண். முதல் லாரியில் 23 வந்தன, அவையும் வரிசையாக இல்லை: 7, 31, 2 என்று இறங்கின. மாலை இன்னொரு லாரியில் 16. 19ஆம் எண் மட்டும் வரவேயில்லை. செட்டில் இருந்தவர் ஒரு சிப்பத்தையும் பிரித்துப் பார்க்கவில்லை, உள்ளே கோடு போட்ட நோட்டா போடாத நோட்டா என்பது அவருக்குத் தேவையும் இல்லை. நண்பர்தான் கடையில் எண்களை அடுக்கிப் பார்த்து, சிவகாசிக்குத் தொலைபேசியில் 'பத்தொன்பது வரவில்லை' என்றார். மூன்றாம் நாள் அதே எண்ணிட்டு இன்னொரு சிப்பம் வந்தது.

இணையத்தின் இயக்கத்தை விளக்க இதைவிட நல்ல காட்சியை நான் கண்டதில்லை. ஒரு படத்தையோ மடலையோ அனுப்பினால், அது பெரும்பாலும் 1500 பைட்டுக்கு மிகாத சிப்பங்களாகப் பிரிகிறது. இணையத்தில் முகவரியிட்டு அனுப்பும் விதிமுறைக்கு ஐ.பி. என்று பெயர். அதன் நான்காம் பதிப்பில் ஒவ்வொன்றின் தலையிலும் குறைந்தது 20 பைட்டுக்கு ஒரு சீட்டு இருக்கும். அனுப்புவோர் முகவரி, பெறுவோர் முகவரி, ஆயுள் எண் எல்லாம் அதில்தான். ஆயுள் எண் 255க்கு மேல் போகாது. வழியில் சிப்பத்தைத் திருப்பிவிடும் கருவியான ஒவ்வொரு திசைவியும் அதில் ஒன்றைக் கழிக்கும், பூச்சியமானால் சிப்பத்தை எறிந்துவிடும். வழிதவறிய சிப்பம் காலமெல்லாம் சுற்றிக்கொண்டே இருக்கக் கூடாதல்லவா! வரிசை எண்ணோ அந்தச் சீட்டை அடுத்து, டி.சி.பி. என்ற இன்னொரு விதிமுறை இடும் இரண்டாம் சீட்டில் இருக்கிறது. அதைப் பார்த்து அடுக்குவதும், விடுபட்டதைத் திரும்பக் கேட்பதும் இரு முனைகளிலும் உள்ள கணினிகளின் வேலை. நடுவழியில் இருப்பவை சீட்டைப் பார்த்து அனுப்புவதோடு சரி. பிரான்சின் சிக்ளாட் வலையில் லூயி பூசான் இந்தப் பொறுப்பை முனைகளுக்குக் கொடுத்தார். விண்ட் செர்ஃபும் ராபர்ட் கானும் 1974இல் எழுதிய கட்டுரை அதைப் பல வலைகளை இணைக்கும் முறையாக விரித்தது. 1983 ஜனவரி 1 அன்று, இணையத்தின் முன்னோடியான அமெரிக்க வலை அர்ப்பாநெட் அந்த முறைக்கு மாறியது.

> பட்டினப்பாலையிலேயே 'பொதி மூடை' இருக்கிறது. புலி முத்திரை பொறித்து அனுப்பிய சரக்கு. இரண்டாயிரம் ஆண்டுச் சொல்லை விட்டுவிட்டு லாரி செட்டுச் சொல்லுக்குப் போவானேன்?

இந்தக் கேள்வி என்னை ஒரு நாள் முழுக்க அலைக்கழித்தது. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் புலி பொறித்துப் புறம்போக்கிய அந்தக் காட்சியை நினைத்தாலே பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் புலி முத்திரை அரசனுடையது. சுங்கம் கண்டது என்பதற்கு அடையாளம் அது, போய்ச் சேரவேண்டிய இடத்தை அது சொல்வதில்லை. மேலும் 'பொதி' என்றதும் கழுதையின் முதுகில் ஏற்றிய முழுச் சுமைதான் என் நினைவுக்கு வருகிறது. சிப்பம் என்றால் பெருஞ்சரக்கைச் சம அளவாகப் பிரித்துக் கட்டியது. அரிசி மண்டியில் '25 கிலோ சிப்பம்' என்கிறார்களே, அந்தப் பொருளே நமக்கு வேண்டியது. பழைய சொல் என்பதற்காக நான் எதையும் தள்ளவில்லை; இங்கே தொழிலாளர் நாவில் இருக்கும் சொல் அளவையும் பிரிப்பையும் சேர்த்தே சொல்கிறது.

'சுவிட்சிங்' பற்றி யாரும் பேசாதது எனக்கு வருத்தம். 'நிலைமாற்றம்' என்றே எழுதி வருகிறோம். விளக்கின் சுவிட்சுக்கு அது பொருந்தும். இங்கே எந்த நிலையும் மாறுவதில்லை. பழைய தொலைபேசியில் டிரங்க் கால் போட்டால், நிலையத்தில் கம்பியைச் செருகிப் பேசி முடியும்வரை ஒரு தடத்தை நமக்கே ஒதுக்கிவிடுவார்கள். நாம் மௌனமாக இருந்தாலும் அது நம்முடையதே. அதைத் 'தட ஒதுக்கம்' எனலாம். 1969இல் அர்ப்பாநெட்டின் நான்கு கண்ணிகளில், அதாவது வலையின் சந்திப்புக் கணினிகளில், நடந்தது வேறு. ஒரு கண்ணி சிப்பத்தை வாங்கி வைத்து அடுத்ததற்குக் கொடுத்தது. 'வந்து சேர்ந்தது' என்ற பதில் வரும்வரை அதன் நகலைக் கையிலேயே வைத்திருந்தது. கட்டட வேலையில் செங்கல்லை ஆள்விட்டு ஆள் வாங்கி ஏற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. ஆகவே 'சிப்பக் கைமாற்றம்' என்று முன்மொழிகிறேன். 'கைமாற்று' என்ற கடனோடு குழம்புமே என்று ஒரு தம்பி தனிமடலில் கேட்டிருந்தார். முன்னால் சிப்பம் நிற்கும்போது குழம்பாது.

> கலைச்சொல் பொறியாளர்களுக்குத்தானே? பொதுமக்களுக்கு எதற்கு?

இதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. 2015இல் இணையச் சமநிலை குறித்து இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் போயின. 2016 பிப்ரவரி 8 அன்று, எந்த உள்ளடக்கம் என்று பார்த்துக் கட்டணத்தைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்று ஆணையம் விதித்தது. நாட்டையே தொட்ட விவாதம் அது. அந்நாள்களில் என் தாயார் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு 'இது என்ன தகராறு?' என்று கேட்டார். பத்து நிமிடம் திணறினேன். இன்று கேட்டால் ஒரே வரியில் சொல்வேன்: 'லாரி செட்டுக்காரர் சிப்பத்தைப் பிரித்துப் பார்த்து, உள்ளே இருப்பதற்கு ஏற்றபடி வாடகை கேட்கலாமா என்பதுதான் அம்மா தகராறு.' அரசுகளும் நிறுவனங்களும் நடுவழியில் செய்யும் ஆழ்சோதனைக்கும் 'சிப்பம் பிரித்தல்' என்ற பெயரே போதும். கேட்டவுடன் யாருக்கும் சுருக்கென்று தைக்கும்.

எதிர்ப்பில் வலுவானது மட்டக்களப்புச் சகோதரி எழுதியதுதான். இலங்கையில் 'உலர் உணவுப் பொதி' என்பது அன்றாடச் சொல். சம அளவாகக் கட்டி, வீட்டுக்கு ஒன்றாகப் போய்ச் சேர்வது. கழுதை முதுகு பற்றி மேலே எழுதியது அவருடைய ஊருக்குப் பொருந்தாது. இரு கரைக்கும் ஒரே சொல் வேண்டும் என்று குழுமம் கருதினால் 'பொதிக் கைமாற்றம்' என்பதற்கு நான் இணங்குகிறேன். 'நிலைமாற்றம்' மட்டும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் உங்கள் கருத்தை எழுதுங்கள், அகராதிப் பட்டியலில் அந்த வரியைத் திருத்தி அனுப்புகிறேன்.

அன்புடன்,
திருச்சியிலிருந்து