கோல்ஃப் கிரீன்ல மஞ்சத் திட்டு, என்ன மருந்து அடிக்கலாம்? அவசரம்

கிரீன்பாய்_கோவை: எங்க கோல்ஃப் மைதானத்துல 7ஆவது கிரீன் (குழியைச் சுத்தி ஒட்ட வெட்டின புல்தரை) முழுக்க மஞ்சத் திட்டு. ஞாயித்துக்கிழமை டோர்னமென்ட். என்ன மருந்து அடிக்கலாம்? சீக்கிரம் சொல்லுங்க.

புல்லுக்கட்டு: என்ன புல்லு? எத்தனை மில்லிக்கு வெட்டுறீங்க? போர் தண்ணியா?

மண்வெட்டி: திட்டு காசு அளவா? விடியக்காலைல பனி காயுமுன்ன வெள்ளையா நூலாம்படை தெரிஞ்சா டாலர் ஸ்பாட்ங்கற பூஞ்சை நோய். தழைச்சத்து பத்தாத புல்லுலதான் அது வரும். யூரியா வீசுங்க.

பழைய_சூப்பர்வைசர்: கிரீன்ல யூரியாவை வீசினா குருணை விழுந்த இடமெல்லாம் கருகும். கரைச்சுத் தெளிக்கணும். 18 வருஷமா இதையேதான் சொல்றேன். போட்டோ இல்ல, புல்லு பேரு இல்ல, நோய்க்கு மட்டும் மருந்து வேணும்! ஜோசியரைப் போய்ப் பாருங்க தம்பி.

கிரீன்பாய்_கோவை: டிஃப்ட்வார்ஃப்ங்க, குட்டை ரக பெர்முடா புல்லு. 4 மில்லி வெட்டுவோம், போன வாரம் 3க்கு இறக்கச் சொன்னாங்க. திட்டு தட்டு சைஸ். தண்ணி தினம் விடுறோம்.

புல்லுக்கட்டு: பங்குனி வெயில்ல டிஃப்ட்வார்ஃபை 3 மில்லிக்கா? இதை மொதல்ல சொல்லியிருக்கலாமே.

உப்புத்தண்ணி: போர் தண்ணி உப்புதான் காரணம். டிடிஎஸ் (தண்ணில கரைஞ்ச உப்பு அளவு) பார்த்தீங்களா?

பழைய_சூப்பர்வைசர்: உமக்கு எல்லாமே உப்புதான். திட்டுல ஒரு குழி எடுத்து, உள் மண்ணுல சொட்டுத் தண்ணி விடுங்க. முத்தா நின்னா மணல் தண்ணியை ஏத்துக்கலைன்னு அர்த்தம். மக்கிப்போன புல்லு, வேரு எல்லாம் மெழுகு மாதிரி மணலைப் பூசியிருக்கும். மேல மணல் என்ன போடுறீங்க? எம்-சாண்டா?

மண்வெட்டி: எம்-சாண்டுக்கு என்ன குறை? ஆத்து மணல் இப்ப யாருக்குக் கிடைக்குது?

பழைய_சூப்பர்வைசர்: முனை முனையா இருக்கும், தூள் ஜாஸ்தி. இறுகிப் போகும்.

மண்வெட்டி: கழுவிச் சலிச்சா இறுகாது. நாங்க மூணு வருஷமா போடுறோம்.

பழைய_சூப்பர்வைசர்: உங்க கிரீன்ல பந்து உருளுதா, குதிக்குதா?

உப்புத்தண்ணி: ரெண்டு பேரும் தனி இழை போடுங்கப்பா. தம்பி, அந்தக் குழி?

கிரீன்பாய்_கோவை: எடுத்தேன். மேல ஈரம், ரெண்டு அங்குலத்துக்குக் கீழ மாவாட்டம் வறண்டிருக்கு. சொட்டு அப்படியே நிக்குது.

புல்லுக்கட்டு: அப்ப மருந்தே வேணாம். திட்டுல மட்டும் முள்கரண்டியால நெருக்கமா குத்தி, வெட்டிங் ஏஜென்ட் (தண்ணியை மண்ணுக்குள்ள இறங்க வைக்கிற திரவம்) கலந்து கையால ஊத்துங்க. கொஞ்சம் ஊத்தி, ஊறவிட்டு, மறுபடி. பிளேடை 4க்கு ஏத்துங்க. ஞாயித்துக்குள்ள பச்சை வராது, சாகாம இருந்தா போதும். டோர்னமென்ட் முடிஞ்சதும் ஹாலோ டைன் (குழல் குழலா மண்ணை எடுக்குற மெஷின்) ஓட்டுங்க.

கிரீன்பாய்_கோவை: ஏத்த விடமாட்டேங்கறாங்க. குத்தி ஊத்திட்டேன். நன்றிங்க.

மண்வெட்டி: சலிச்ச எம்-சாண்ட் போட்டோ நாளைக்குப் போடுறேன்.