சோழவரம் ரன்வேயில் நின்றவர்கள் யாராவது உண்டா?

சோழவரம் என்றால் இன்றைக்கு எல்லோருக்கும் ஏரிதான் ஞாபகம் வரும். எண்பதுகளில் பையன்களாக இருந்த எங்களுக்கு அது கார், பைக் ரேஸ். நான் பார்த்ததை எழுதுகிறேன், நீங்களும் எழுதுங்கள்.

என் சித்தப்பா புதுப்பேட்டையில் மோட்டார் சைக்கிள் மெக்கானிக். எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது ஒரு பிப்ரவரி மாத ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு போனார். பாரிமுனையிலிருந்து செங்குன்றம் வரை பஸ். அதற்கு மேல் ஜி.என்.டி. ரோடு முழுக்க ஸ்கூட்டர், ஜாவா, புல்லட், நடந்து போகிற ஜனம். ஒரு மணல் லாரியில் தொத்திக்கொண்டு போய் இறங்கினோம்.

ஸ்டேடியம் மாதிரி ஏதோ இருக்கும் என்று நினைத்துப் போனவனுக்குப் பெரிய ஏமாற்றம். பொட்டல் வெளி. நடுவில் வெளுத்துப்போன கான்கிரீட் பாதை. ஓரத்தில் சவுக்குக் கழி நட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள், வளைவுகளில் வைக்கோல் கட்டும் டிரம்மும். அவ்வளவுதான். அப்புறம் முதல் வண்டிகள் கிளம்பின. ஏமாற்றம் எங்கே போனதோ தெரியாது. எனக்கு இன்னமும் மறக்காதது சத்தம் இல்லை, வாசனை. எரிந்த விளக்கெண்ணெய் வாசனை! ரேஸ் வண்டிக்கு ஆமணக்கு எண்ணெய் கலந்த ஆயில் ஊற்றுவார்கள் என்று சித்தப்பா சொன்னார். பாட்டி தலையில் தேய்க்கிற சமாச்சாரம் இவ்வளவு வேகமாக ஓடுமா என்று ஆச்சரியப்பட்டேன்.

பந்தயத்துக்காகப் போட்ட பாதை இல்லை அது. இரண்டாம் உலகப் போரின்போது போட்ட ராணுவ விமான ஓடுதளம், ஆங்கில 'டி' எழுத்து மாதிரி இருக்கும். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பான் கைக்குப் போனது. ஏப்ரலில் கொழும்பு, திருகோணமலை, விசாகப்பட்டினம், காக்கிநாடா என்று வரிசையாகக் குண்டு விழுந்தது. அடுத்தது மெட்ராஸ்தான் என்று ஊரே காலியானது. மிருகக்காட்சி சாலையில் இருந்த சிங்கம் புலியைக்கூடச் சுட்டுக் கொன்றார்கள். கூண்டு உடைந்தால் ஊருக்குள் வந்துவிடுமாம். ஆக, இந்தக் கடற்கரைப் பக்கம் போர்முனைக்குப் பின்கட்டு மாதிரி ஆகிவிட்டது. சோழவரம், அரக்கோணம், உளுந்தூர்பேட்டை, தஞ்சாவூர், செட்டிநாடு, கயத்தாறு, சூலூர் எல்லாம் அந்தக் காலத்துத் தளங்கள்தான். போர் முடிந்தது, விமானம் போனது, கான்கிரீட் மட்டும் நின்றது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்தப் பத்தாண்டிலேயே அங்கே ரேஸ் நடத்த ஆரம்பித்துவிட்டது.

இதெல்லாம் நான் பிற்பாடு படித்தது. அன்றைக்கு எனக்குச் சொன்னவர் ஒரு மோர்க்காரர். ரன்வே ஓரத்தில் மாட்டு வண்டியை அவிழ்த்துப் போட்டு, வண்டிக்குப் பக்கத்தில் பானை வைத்து விற்றுக்கொண்டிருந்தார். வண்டி மேல் ஏறி நின்று பார்க்க ஆளுக்கு எட்டணா தனி. அவர் சின்னப் பையனாக இருந்தபோது அவருடைய அம்மா இந்த ரன்வேக்கு ஜல்லி சுமந்தார்களாம். "எங்கம்மா கொட்டுன ஜல்லிடா இது. மொதல்ல வெள்ளக்காரன் ஏரோப்ளேன் ஓட்டுனான், இப்ப இவனுங்க ஓட்டுறானுங்க. எங்கம்மாவுக்கு சைக்கிள் கூட ஓட்டத் தெரியாது" என்றார். சித்தப்பா சிரித்துவிட்டு இன்னொரு டம்ளர் மோர் வாங்கினார்.

அதற்கப்புறம் ஒன்று நடந்தது. அதை விடுங்கள்.

* * *

அண்ணா, நீங்கள் கயிற்றுக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். கோயமுத்தூரிலிருந்து ஒரு பைக் ரேஸருக்குக் கையாளாக மூன்று வருஷம் வந்திருக்கிறேன். பெரிய கம்பெனி டீம் எல்லாம் கிடையாது. வண்டியை ரயிலில் பார்சல் போட்டுவிட்டு நாங்கள் அன்ரிசர்வ்டில் வருவோம்.

வெளியே நின்று பார்த்தவர்களுக்கு அந்தக் கான்கிரீட்டின் லட்சணம் தெரியாது. பாளம் பாளமாக ஊற்றியது. ஒவ்வொரு இணைப்பிலும் சக்கரம் ஏறி இறங்கும்போது தடக் தடக் என்று வண்டியே உதறும். பத்துச் சுற்று ஓடிவிட்டு வந்தால் நம்பர் பிளேட் ஒரு பக்கம், சைலன்சர் போல்ட் ஒரு பக்கம். அதனால் ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் துளை போட்டு மெல்லிய கம்பியால் முறுக்கிக் கட்டுவோம். முதல் வருஷம் ஒன்றே ஒன்றைக் கட்ட மறந்தேன். செயின் கார்டு கழன்று, நேர்ப்பாதையின் கோடியில் ரேஸர் வைக்கோல் கட்டுக்குள் போய்ப் படுத்துவிட்டார். அடி ஒன்றும் இல்லை, ஆனால் ஊர் வந்து சேரும்வரை என்னோடு பேசவில்லை.

விமானம் இறங்குவதற்கு நீளமாக, நேராக வேண்டும். ரேஸுக்கு வளைவு வேண்டும். சோழவரத்தின் சிக்கலே அதுதான். நேர்ப்பாதையில் பறந்து வந்து, கோடியில் நடக்கிற வேகத்துக்கு இறங்கித் திரும்ப வேண்டும். பிரேக் நன்றாக இருந்தவன் ஜெயித்தான் என்பது என் கணக்கு, எங்கள் ரேஸர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

எங்கள் ஊர் ரேஸ் கார் வடிவமைப்பாளர் கரிவர்தன், மாருதி இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கைக் கார் செய்து ஓடவிட்டது எண்பதுகளின் கடைசியில். கொஞ்ச நாளில், 1990-ல், இருங்காட்டுக்கோட்டையில் தனி டிராக் வந்துவிட்டது. அது நல்ல டிராக், பாதுகாப்பானது. ஆனால் சோழவரத்துக்கு வந்த கூட்டத்தை நான் அங்கே பார்த்ததில்லை.

வேடிக்கை என்னவென்றால் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துச் சூலூரும் அதே போர்க்காலத் தளம்தான். அங்கே விமானப்படை தங்கிவிட்டது. 2018-லிருந்து தேஜஸ் போர் விமானம் பறக்கிறது. சத்தத்துக்கு எங்கள் வீட்டு நாய்க்குட்டி கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். ஒரு வருஷம் வளைவுக்குப் பக்கத்தில் ஒரு மாட்டு வண்டி, மேலே நின்ற கூட்டத்தோடு குடை சாய்ந்தது. நாங்கள் பிட்டிலிருந்து, அதாவது வண்டி பழுது பார்க்கிற இடத்திலிருந்து, பார்த்துச் சிரித்தோம். உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா?

* * *

எனக்கு ரேஸ் தெரியாது. நீங்கள் சொன்ன பட்டியலில் அரக்கோணம் இருப்பதால் எழுதுகிறேன்.

2015 டிசம்பர் வெள்ளம். மீனம்பாக்கம் ஓடுதளத்தில் தண்ணீர் நின்று விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள். டெல்லியில் அக்காவுக்குப் பிரசவம், அம்மாவைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளி தளத்திலிருந்து விமானம் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, சுற்றிச் சுற்றிப் பஸ்ஸில் போனோம். வழக்கமாக இரண்டு மணி நேரம் ஆகிற தூரத்துக்கு அன்று அரை நாள் ஆனது.

உள்ளே போனால் விமான நிலையத்துக்கான அடையாளம் எதுவும் இல்லை. பெல்ட் இல்லை, கடை இல்லை. போட்டோ எடுக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். ஒரு கடற்படைச் சிப்பாய் அம்மாவின் ஊறுகாய் ஜாடியைக் கையில் வாங்கிக்கொண்டு படிக்கட்டு வரை வந்தார். ஓடுதளம் நாலு கிலோமீட்டருக்கு மேல். விமானம் ஓட ஆரம்பித்து மேலே ஏறிய பிறகும் கீழே ஓடுதளம் வந்துகொண்டே இருந்தது. போர்க்காலத்தில் போட்ட தளத்தை 1992-ல் ராஜாளியாக ஆக்கும்போது, மழையில் நனைந்த ஊறுகாய் ஜாடிக்கு உதவும் என்று யார் நினைத்திருப்பார்கள்?

* * *

உளுந்தூர்பேட்டைக்காரன் நான். எங்கள் ரன்வேக்கு விமானப் பெருமையும் இல்லை, ரேஸ் பெருமையும் இல்லை. மாமா எனக்கு அம்பாசடர் ஓட்டக் கற்றுக்கொடுத்தது அங்கேதான். எதிரே வண்டி வராது என்ற தைரியம். வண்டி வரவில்லை, எருமை வந்தது. கதவில் அந்தக் குழி கடைசி வரை இருந்தது.

தஞ்சாவூர் மச்சானிடம் இதைச் சொன்னால் அலட்டுவான். அவர்கள் தளம் 2013-ல் விமானப்படை நிலையமாகி, 2020 ஜனவரியில் சுகோய் போர் விமான அணியே வந்துவிட்டதாம். சரி, வரட்டும். அங்கே போய் யாராவது கிளட்ச் பழக முடியுமா?

* * *

கோயமுத்தூர்த் தம்பிக்கு: ஞாபகம் இருக்கிறதாவா? அந்த வண்டியில் நான் இருந்தேன். கடைசி ரேஸில் மோர்க்காரர் இன்னும் ஏழெட்டுப் பேரை எட்டணாவுக்கு ஏற்றிக்கொண்டார், எல்லோரும் ஒரே பக்கம் எட்டிப் பார்த்தோம், போய்விட்டது. நான் மோர்ப் பானை மேல் விழுந்தேன். பானைக்கும் மோருக்கும் சித்தப்பா பத்து ரூபாய் கொடுத்தார். சட்டையெல்லாம் கறிவேப்பிலையோடு செங்குன்றம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். யார் ஜெயித்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.