எண்ணூர்ல பார்ட்ஸ் சேத்து பூட்டுன ஆஸ்டின் கார டிராக் ரேஸுக்கு வெட்டலாமா?

திருவொத்தியூர்_பையன்:
எங்க பெரியப்பா ஷெட்டுல ஒரு ஆஸ்டின் ஏ40 தார்ப்பாய் போத்தி பல வருஷமா நிக்குது, இன்ஜின் ஜாம், ஃப்ளோர்லாம் துரு. இத டிராக் ரேஸ் (நேர் ரோட்டுல 402 மீட்டர், யாரு மொதல்ல முடிக்கிறாங்கன்னு ஓட்டுறது) வண்டியா பண்ணப் போறேன். உள்ள இருக்குறது 1200 சிசி, 40 குதிரைசக்தி, அத வச்சி 402 மீட்டர 22 செகண்டுக்குள்ள ஓடுறதே கஷ்டம். அதான் கான்டெஸா கார்ல வந்த இசுஸு 1800 இன்ஜினையும் அஞ்சு கியர் பாக்ஸையும் எறக்கலாம்னு இருக்கேன், பவர் ரெண்டு மடங்கு. ஃபயர்வால் (இன்ஜினுக்கும் உள்ள உக்கார்ற எடத்துக்கும் நடுவுல இருக்குற தகடு), டனல் (கியர் பாக்ஸ் மேல இருக்குற ஃப்ளோர் மேடு) வெட்டணும். இன்னா சொல்றீங்க?

பெரம்பூர்_பழையவண்டி:
தம்பி, கட்டிங் மெஷின எடுக்காத. அது எந்த வண்டின்னு தெரியுமா உனக்கு? அசோக் மோட்டார்ஸ் 1949ல எண்ணூர்ல பூட்ட ஆரம்பிச்ச காருப்பா அது, அசோக் லேலண்ட்னு பேர் மாறுனதே 1955லதான். உன் ஊட்டுல இருந்து நடந்து போற தூரத்துல நம்ம ஏரியா ஆளுங்க கையால பூட்டுன வண்டிய நீயே அறுக்கப் போறியா? டிராக்தான் வேணும்னா பத்மினி ஷெல் ஒண்ணு பாரு, அதுவும் பின் வீல் டிரைவ்தான், ஒரிஜினல் போச்சேன்னு யாரும் அழ மாட்டாங்க.

வியாசர்பாடி_லேத்து:
அண்ணே கோவப்படாதீங்க. 60கள்ல அமெரிக்காவுல டிராக் பசங்க தேடித் தேடி வாங்குன வண்டியே இந்த ஏ40தான். வீல்பேஸ் 92.5 இஞ்சு, அங்க கேஸர்னு சொல்ற பழைய கார் டிராக் ரேஸ் கிளாஸுக்கு 92 இருந்தா போதும், பாடியும் சின்னது, அதுல பெரிய வி8 போட்டு ஓட்டுனாங்க. அதனால பையன் கேக்குறது ஒண்ணும் புதுசு இல்ல.

ஆனா தம்பி, இன்ஜின் எறக்குறது ஈஸி, பின்னாடிதான் வேல. ஒரே அழுத்தா கிளட்ச விட்டா பின் ஆக்சில் திரும்பப் பாக்கும், ஸ்பிரிங் பட்டை ரெண்டும் எஸ் மாதிரி முறுக்கிக்கும், சக்கரம் குதிக்க ஆரம்பிச்சிடும், அதுக்கு ஆக்சில் திரும்பாம புடிக்கிற லேடர் பார் அடிக்கணும். அந்தக் காலத்து ஆக்சில் ஷாஃப்ட் 40 குதிரைக்குப் போட்டது, ரெண்டு மூணு லாஞ்சுல முறிஞ்சா ஆச்சரியமே இல்ல. கியர் பாக்ஸ்ல இருந்து பின் ஆக்சிலுக்குப் போற ப்ரொப்பல்லர் ஷாஃப்டுக்கு, கீழ விழாம தாங்குற லூப் கண்டிப்பா வேணும், முன் கிராஸ் ஜாயின்ட் உடைஞ்சா ஷாஃப்ட் ரோட்டுல குத்தி வண்டியவே தூக்கிடும். ஏ40ல டெவன் மாடலா இருந்தா பின் பிரேக் ராடுல இழுக்குறது, முன்னாடி மட்டும்தான் ஆயில். அத மாத்தாம ஓட்டவே ஓட்டாத.

பெரம்பூர்_பழையவண்டி:
அங்க அந்தக் கார் நெறைய இருந்துச்சு லேத்து, வெட்டுனாங்க. இங்க எத்தன மிச்சம் கீது? இன்னொண்ணு, 2021ல வந்த விண்டேஜ் ரூல்படி 50 வருஷத்துக்கு மேல ஆன வண்டி, சேசிஸ் பாடி இன்ஜின் பெருசா மாத்தாம இருந்தாத்தான் அந்த ரிஜிஸ்ட்ரேஷன், இசுஸு எறக்குன அன்னிக்கே அது போச்சு. ரோட்டுல ஓட்டவும் முடியாது, கம்பெனி ஸ்பெக்க மாத்தக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட்டே 2019ல சொல்லிடுச்சு.

திருவொத்தியூர்_பையன்:
ரோட்டுல ஓட்டுறதுக்கு இல்லண்ணே, எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல கன்டெய்னர் லாரி நடுவுல ரேஸ் விடுற ஆளு நான் இல்ல. டிரெய்லர்ல ஏத்திட்டுப் போய் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் சர்க்யூட்ல ஓட்டணும். எங்கப்பா சின்ன வயசுல சோழவரம் ஏர்ஸ்ட்ரிப்புக்கு சைக்கிள் மிதிச்சிப் போய் ரேஸ் பாத்தவரு, அந்தக் கதைய கேட்டுத்தான் நான் வளந்தேன். அந்த வண்டி தார்ப்பாய்க்குள்ள மக்குறதுக்கு ஓடிட்டு உடையட்டுமே.

பெரம்பூர்_பழையவண்டி:
சோழவரத்துக்கு நானும் போயிருக்கேன்டா. அதனாலதான் சொல்றேன், இன்ஜின் ஜாம்னா தொறந்து ரிங்கு, பேரிங்கு மாத்தி ஓட்டு, 22 செகண்டோ 25ஓ வரட்டும், எண்ணூர் இன்ஜின் 402 மீட்டர் ஓடுச்சுன்னு ஆவும்.

வியாசர்பாடி_லேத்து:
தனி சேசிஸ் வண்டிதானே அது. பாடிய போல்ட் கழட்டி அப்படியே தூக்கி வச்சிட்டு சேசிஸ் துரு எவ்ளோன்னு மொதல்ல பாருங்க. அதுல ஓட்ட விழுந்திருந்தா எந்த இன்ஜினும் எறக்க முடியாது.

திருவொத்தியூர்_பையன்:
சரி, ஞாயித்துக்கிழம தார்ப்பாய் எடுக்குறேன். அதுவரைக்கும் எதையும் வெட்டல. பெரம்பூர் அண்ணே, நீங்களும் வாங்க, ஸ்பார்க் பிளக் ஓட்ட வழியா ஆயில் ஊத்தி வச்சிருக்கேன், சுத்துதான்னு சேந்து பாக்கலாம்.